‘லைஃப்டைம் 5 டிபி’ விற்க வந்தால், கொடுக்கும் மெயில் ஐடியைப் பாருங்கள்

வேளச்சேரியில் ஊறுகாய், மசாலாப் பொடி, இனிப்பு செய்கிறவர்களுக்கு லேபிளும் பெட்டியும் டிசைன் செய்து தரும் சிறிய ஆபீஸ் எங்களுடையது. நான், இரண்டு டிசைனர்கள், கணக்கு பார்க்கும் பெரியவர் ஒருவர், அவ்வளவுதான். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தரைத்தளம் முழுக்கத் தண்ணீர். கம்ப்யூட்டர்களும், பேக்கப் என்று வைத்திருந்த ஹார்ட் டிஸ்க்கும் ஒரே மேஜையடியில் இருந்தன. எல்லாமே போயின. இனி ஃபைல்கள் கிளவுடில், அதாவது இணையம் வழியாகச் சேமிக்கும் இடத்தில்தான் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

வெள்ளத்துக்குப் பிறகு சிஸ்டம் சரிசெய்ய வந்தவர்தான் அந்த யோசனையைப் பிடித்துக்கொண்டார். “கூகுள் டிரைவ் 5 டிபி, லைஃப்டைம். ஒரு ஐடி 3,000 ரூபாய். மாசா மாசம் கட்டவே வேண்டாம் மேடம்” என்றார். ஒரு டிபி என்றால் சுமார் ஆயிரம் ஜிபி. எங்களிடம் இருந்ததோ இலவசக் கணக்கின் 15 ஜிபி. மெயில், போட்டோ எல்லாம் சேர்த்துத்தான் அந்த 15. எங்கள் கோரல் டிரா டிசைன் ஃபைல் ஒன்றே சில சமயம் 300 எம்பி வரும். இரண்டு ஐடி வாங்கினேன். கையால் எழுதிய ரசீது கொடுத்தார், அதில் ஜிஎஸ்டி எண் இல்லை. மெயில் ஐடியில் அட் குறிக்குப் பின்னால் கேள்விப்படாத ஒரு வெளிநாட்டுக் கல்லூரியின் பெயரும், டாட் ஈடியூ என்ற முடிவும் இருந்தன. கேட்டேன். “அது சர்வர் பேரு மேடம்” என்றார். நம்பினேன்.

ஒரு வருடம் வேலை அருமையாக நடந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு டிசைனர் மாதவரத்தில் வீட்டிலிருந்தே லேபிளைத் திருத்துவார், நான் இங்கே பார்ப்பேன், ராயப்பேட்டை பிரஸ்காரர் லிங்க்கைத் திறந்து அச்சு பிளேட்டுக்கு எடுத்துக்கொள்வார். பெரியவரும் பர்ச்சேஸ் பில்களை ஸ்கேன் செய்து அதிலேயே போட ஆரம்பித்தார்.

2025 பிப்ரவரியில் ஒரு திங்கள்கிழமை காலை, இரண்டு ஐடியும் முடக்கப்பட்டிருப்பதாகவும் அட்மினைத் தொடர்புகொள்ளும்படியும் திரையில் வந்தது. அட்மின் என்றால் அந்த ஐடிகளை நிர்வகிப்பவர். எங்கள் அட்மின் யார் என்றே எனக்குத் தெரியாது. கம்ப்யூட்டரில் ஜி டிரைவ் என்ற பெயரில் தெரிந்துகொண்டிருந்த டிரைவும் காணாமல் போனது. ஃபைல்கள் நம் கம்ப்யூட்டரிலேயே இருப்பதாகத்தான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். அவர் செட் செய்து கொடுத்தது ஸ்ட்ரீமிங் முறையாம். அதில் ஃபைலின் பெயர் மட்டும்தான் நம் திரையில் தெரியும், உள்ளடக்கம் கிளவுடில் இருக்கும். மிரர் முறையில் வைத்திருந்தால் ஒரு பிரதியாவது எங்கள் டிஸ்க்கில் மிஞ்சியிருக்கும்.

சிஸ்டம்காரருக்கு போன் செய்தேன். “வேற ஐடி தர்றேன், 1,500 ஆகும்” என்றார். பழைய ஃபைல்கள் வேண்டும் என்றதும் லைனைத் துண்டித்தார். அதன் பிறகு என் நம்பரை எடுக்கவே இல்லை.

ஐடி துறையில் இருக்கும் நண்பர் ஒருவர்தான் விளக்கினார். கல்லூரிகளுக்கு ஒரு காலத்தில் கூகுள் அளவில்லாமல் இடம் கொடுத்திருந்தது. அதை நிறுத்துவதாக 2021-இல் அறிவித்து, 2022 ஜூலை முதல் ஒரு கல்வி நிறுவனத்துக்கு அடிப்படையாக மொத்தமே 100 டிபி என்று ஆக்கிவிட்டது. அதனால் கல்லூரிகள் பழைய ஐடிகளையும், சம்பந்தமில்லாத ஐடிகளையும் தேடித் தேடி மூடுகின்றன. எங்களுக்கு விற்கப்பட்டது அப்படிப்பட்ட ஓர் ஐடி. டிரைவ் இடத்தை ஒரே தடவை காசு வாங்கிக்கொண்டு வாழ்நாளுக்கு என்று கூகுள் விற்பதே இல்லை.

ஃபைல் போனதைவிட இன்னொன்று என்னைத் தூங்கவிடவில்லை. அந்த ஐடிக்கு அட்மினாக இருக்கிறவர் நினைத்தால் பாஸ்வேர்டை மாற்றி உள்ளே போய்விட முடியும். எங்கள் ஆபீஸ் பிள்ளைகளின் ஆதார் நகல், பேங்க் பாஸ்புக், வாடிக்கையாளர்கள் நம்பிக் கொடுத்த, இன்னும் கடைக்கு வராத சரக்கின் லேபிள் எல்லாம் அதில்தான் இருந்தன. வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் நானே போன் செய்து சொன்னேன். அதில் இரண்டு பேர் எங்களிடம் வருவதை நிறுத்திவிட்டார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை.

மாதவரம் டிசைனர் தன் சொந்த ஜிமெயிலில் உருவாக்கி எங்களோடு ஷேர் செய்திருந்த ஷீட்களும் டாக்குமெண்ட்களும் மட்டும் தப்பின. டிரைவில் ஒரு ஃபைல் யார் கணக்கில் உருவானதோ அவருக்குத்தான் சொந்தம். பில்கள் விஷயத்தில் பெரியவர் ஜிஎஸ்டி தளத்தில், சப்ளையர்கள் எங்களுக்குப் போட்ட பில்களின் பட்டியலான 2பி அறிக்கையை எடுத்துவைத்து, சப்ளையர் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு நகல் வாங்கினார். அந்தக் கணக்குகளை, ஆண்டு ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டுமே. மார்ச் மாதம் முழுக்க அவருக்கு இதே வேலை. லேபிள்களில் பாதிக்குமேல் மறுபடி வரைந்தோம்.

சைபர் கிரைம் தளத்தில் புகார் கொடுத்தேன். ஒப்புகை எண் வந்தது. பணம் வரவில்லை.

இப்போது என் பெயரில் டொமைன் (மெயில் ஐடியில் அட் குறிக்குப் பின்னால் வரும் பெயர்) வாங்கி, கூகுளின் பிசினஸ் ஸ்டாண்டர்ட் என்ற கட்டணத் திட்டத்தை எடுத்திருக்கிறேன். அட்மின் நான்தான். ஷேர்டு டிரைவ் வேண்டும் என்பதால்தான் அந்தத் திட்டம். ஷேர்டு டிரைவில் போடும் ஃபைல் நிறுவனத்துக்குச் சொந்தம், ஆள் விலகினாலும் ஃபைல் இருக்கும். சனிக்கிழமை தோறும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுத்து, இரண்டாவது மாடியில் இருக்கும் அக்கா வீட்டில் வைக்கிறோம்.

போன ஞாயிறு மடிப்பாக்கத்திலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டார். வடகம், வத்தல் போடுகிறவர், எங்கள் பழைய வாடிக்கையாளர். 5 டிபி லைஃப்டைம் என்று ஒருவர் 3,000 ரூபாய்க்குக் கொடுத்திருக்கிறார், போட்டோ எல்லாம் அதில் ஏற்றிவிட்டேன், நீயும் வாங்கிக்கோம்மா என்றார். அட் குறிக்குப் பின்னால் இருப்பதை எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொன்னேன். அதே கல்லூரி, அதே டாட் ஈடியூ. ஐடி திறக்கும்போதே எல்லாவற்றையும் இறக்கிவிட வேண்டுமென்று அவர் மகனை உட்காரவைத்திருக்கிறேன். இன்னும் 40 ஜிபி பாக்கி இருக்கிறது.