எஸ்.எல்.ஆர்., இன்சாஸ், பாயிண்ட் டூ-டூ: ஒரு ரைஃபிள் மட்டும் ஏன் சொன்ன இடத்தில் போடுகிறது?

சர்வீஸில் பாதிக்கு மேல் 7.62 மி.மீ. எஸ்.எல்.ஆர்., அதாவது சுட்டதும் தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ரைஃபிள். அதன் பிறகு ரிட்டயர் ஆகும்வரை 5.56 இன்சாஸ். இப்போது ஆவடிப் பக்கம் வீடு, கையில் ரைஃபிள் கிளப்பின் .22 (பாயிண்ட் டூ-டூ) போல்ட் ஆக்‌ஷன். போல்ட்டைக் கையால் இழுத்து ஒவ்வொரு தோட்டாவாக ஏற்றும் ரகம் அது. கிளப்புக்கு வரும் பையன்கள் யூடியூப் பார்த்துவிட்டு வந்து ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "அங்கிள், செமி ஆட்டோன்னாலே குரூப் விரியும்னு சொல்றாங்க. அப்புறம் சிலது மட்டும் எப்படி ஒரே ஓட்டையில போடுது?"

செமி ஆட்டோ என்றால் எஸ்.எல்.ஆர். போல அடுத்த தோட்டா தானே ஏறும் ரகம். குரூப் என்றால் டார்கெட்டில் அடிகள் சேர்ந்து விழும் கூட்டம்.

ஒரே கோத் (ஆயுதக் கிடங்கு), ஒரே லாட் (ஒரே தொகுப்பில் செய்த) தோட்டா. அப்படியும் ஒரு பட் நம்பர் (பின்கட்டையில் எழுதிய எண், அதாவது அந்த ஒரு ரைஃபிள்) 100 மீட்டரில் உள்ளங்கைக்குள் குரூப் போடும், பக்கத்து ரைஃபிள் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு இறைக்கும். ஆளை மாற்றிச் சுட்டாலும் அதே கதை. யூனிட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். காரணம் எனக்குப் புரிந்தது ஆயுதம் பழுதுபார்க்கும் ஆர்மரர் ஒருவரிடம். நம்ம ஊர் ஹவில்தார். ரைஃபிளின் பின்கட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, பேரல் பக்கத்தைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துக் காட்டினார். 'டிக் டிக்' என்று மெல்லிய சத்தம். "கேக்குதா தம்பி? இதுல ஜீரோ நிக்காது. வேற பட் நம்பர் எடு" என்றார். ஜீரோ என்றால் குறி வைத்த இடத்திலேயே அடி விழும்படி சைட்டைச் சரிசெய்து வைப்பது.

எஸ்.எல்.ஆர். என்பது பெல்ஜியத்தின் எஃப்.என். ஃபால் வழி வந்தது. மேற்கு வங்கத்தில் நம் இஷாப்பூர் தொழிற்சாலையில் 1960களில் செய்யத் தொடங்கினார்கள். சுத்தம் செய்ய லீவரைத் தள்ளினால் ரைஃபிள் நடுவில் கீல்போல மடியும். முன் குறியான ஃபோர்சைட் பேரலோடு மேல் பாதியில் இருக்கிறது. பின் குறியான பேக்சைட் இருப்பதோ ட்ரிக்கர், பட் எல்லாம் உள்ள கீழ்ப் பாதியில். வருஷக்கணக்காகத் திறந்து மூடி அந்தப் பூட்டு தேய்ந்தால் இரண்டு பாதிக்கும் நடுவே ஆட்டம் வந்துவிடும். இரண்டு சைட்டுக்கும் இடைவெளி சுமார் 55 செ.மீ. பேக்சைட் கால் மில்லிமீட்டர் நகர்ந்தாலே 100 மீட்டரில் அடி நாலரை செ.மீ. தள்ளி விழும். இதில் சுடுகிறவன் என்ன செய்ய முடியும்?

இன்னொன்று ஸ்லிங், அதாவது தோள்வார். எஸ்.எல்.ஆரில் முன் ஸ்லிங் வளையம் பேரலிலேயே இருக்கிறது. பிடி உறுதியாக இருக்கட்டும் என்று ஸ்லிங்கை இறுக்கிக் கட்டினால் பேரலையே இழுக்கிறீர்கள். லையிங் பொசிஷனில் இறுக்கமான ஸ்லிங்கோடு ஜீரோ செய்துவிட்டு, ஸ்டாண்டிங்கில் தளர்வாகச் சுட்டால் அடி வேறு இடத்தில் விழும். மறுபடி மறுபடி பார்த்திருக்கிறேன்.

பூட்டும் முறையும் கணக்கில் வரும். எஸ்.எல்.ஆரில் பேரலின் பின்வாயை அடைக்கும் பிரீச் பிளாக்கின் பின்பக்கம் கீழே சாய்ந்து, பாடியில் இருக்கும் ஒரு கட்டையில் முட்டி நிற்கும். வெடிப்பின் அழுத்தத்தை ஒரே பக்கமாக, நீளமான பாடி முழுவதும் தாங்க வேண்டும். இன்சாஸில் போல்ட் சுழன்று பூட்டும், தாங்கும் முனைகள் இரு பக்கமும் உண்டு. அமெரிக்க ஏ.ஆர். 15 வகையில் அந்த முனைகள் பேரலின் பின்பகுதியிலேயே போய்ப் பூட்டிக்கொள்ளும். பேரல், போல்ட், தோட்டா மூன்றும் ஒரே உடம்பு. அதன்மேல் ஹேண்ட்கார்டை (முன்கை பிடிக்கும் உறை) பேரலைத் தொடாதபடி மாட்டினால், கையோ ஸ்லிங்கோ பேரலை அழுத்தாது. அங்கே சர்வீஸ் ரைஃபிள் போட்டிகளில் கனமான தோட்டா போடும் பழைய ராணுவ ரைஃபிள் எம் 14-ஐ 1990களில் இந்தச் சின்ன 5.56 ஓரங்கட்டியதற்கு இதுவும் ஒரு காரணம். மரக்கட்டையில் உட்கார்ந்திருக்கும் எம் 14-இன் பெடிங் (உலோகப் பாகம் கட்டையில் உட்காரும் பொருத்தம்) சூட்டிலும் ஈரத்திலும் தளரும். அடிக்கடி சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும்.

ஈரம் என்றதும் சென்னை. ஐப்பசி அடைமழையில் எங்கள் கிளப்பின் பழைய மரக் கட்டை .22-இல் ஜீரோ சைட் திருகில் சில கிளிக் அளவு நகர்ந்துவிடும், போல்ட் ஆக்‌ஷனாக இருந்தும். ஆக்‌ஷன் ஸ்க்ரூக்களை (ரைஃபிளைக் கட்டையோடு இறுக்குபவை) ஒரே இறுக்கத்தில் வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். போட்டிக்கென்றே செய்த, அலுமினியக் கட்டை போட்ட மேட்ச் ரைஃபிளுக்கு இந்தத் தலைவலி கிடையாது. விலைதான் தலைவலி.

நண்பர் ஒருவரிடம் பழைய இறக்குமதி செமி ஆட்டோ .22 இருக்கிறது. ரேஞ்சில் மேகசினிலிருந்து சுட்டோம், பிறகு ஒவ்வொரு தோட்டாவாகக் கையால் சேம்பரில் (பேரலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) வைத்துச் சுட்டோம். கையால் வைத்த குரூப் கண்ணுக்குத் தெரியும்படி சுருங்கியது. ஏன் என்று பார்க்க, மேகசினிலிருந்து சேம்பருக்குப் போன தோட்டாவைச் சுடாமலே வெளியே எடுத்தோம். ஈய மூக்கில் ஒரு பக்கம் கீறல், லேசான நசுங்கல். போல்ட் வேகமாகத் தள்ளும்போது ஈயம் விளிம்பில் உரசிவிடுகிறது. தோட்டா சிக்காமல் ஏற வேண்டும் என்று சேம்பரையும் கொஞ்சம் தாராளமாகக் கடைந்திருப்பார்கள். மேட்ச் சேம்பரிலோ தோட்டாவின் மூக்கு நேராக ரைஃப்ளிங்கில் (பேரலுக்குள் இருக்கும் சுருள் வரிகள்) போய்ப் பொருந்தும். 50 மீட்டர் டார்கெட்டில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மி.மீ.தான், அந்தக் கீறல் அங்கே பேசும்.

ட்ரிக்கரை மறக்கக் கூடாது. ராணுவ ட்ரிக்கர் கீழே விழுந்தாலும் வெடிக்காதபடி கனமாகத்தான் இருக்கும். செமி ஆட்டோவில் பெரிய ஹேமர் சுழன்று வந்து அடிக்க வேண்டும். அந்த நேரத்தில் முனை அசைந்துவிடும். மேட்ச் போல்ட் ஆக்‌ஷனில் சின்ன ஸ்ட்ரைக்கர் (தோட்டாவை அடிக்கும் ஊசி), சில மில்லிமீட்டர்தான் நகரும். ஒரே ஆள் இரண்டையும் சுட்டால் வித்தியாசம் முதல் குரூப்பிலேயே தெரியும்.

தோட்டா லாட் மாறினாலும் குரூப் மாறும். ஒரே கம்பெனி, ஒரே பெயர், வேறு லாட், வேறு குரூப். ஒத்துப்போகும் லாட் கிடைத்தால் பெரிய ஷூட்டர்கள் மொத்தமாக எடுத்து வைத்துக்கொள்வது இதனால்தான்.

பையன்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: 7.62, .303 எல்லாம் இங்கே தடைசெய்யப்பட்ட போர் (bore, அதாவது பேரலின் உள்விட்டம்). சாதாரண லைசென்ஸில் கிடைக்காது, கனவு காண வேண்டாம். உங்களுக்கு .22-உம் 10 மீட்டர் ஏர் ரைஃபிளும்தான். செகண்ட் ஹேண்ட் .22 பார்க்க என்னைக் கூப்பிட்டால் நான் பேரல் பளபளப்பைக் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் காலி சேம்பரா என்று சோதித்துவிட்டு, பேரலையும் கட்டையையும் பிடித்து அசைப்பேன். சைட் மாட்டும் ரெயிலை விரலால் தள்ளிப் பார்ப்பேன். இரண்டு ஸ்க்ரூவின் தலையும் தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பேன். எங்காவது 'டிக்' கேட்டால் விலையில் அப்போதே கை வைக்கலாம்.