ஐடிஐயா, ஹெல்பர் பரீட்சையா?

தமிழ்நாட்டுல தனியா எலக்ட்ரீஷியன் வேலை பாக்கணும்னா ரெண்டு ரூட் இருக்கு. ஐடிஐ எலக்ட்ரீஷியன் டிரேடுன்னா பத்தாவது பாஸ் பண்ணிருக்கணும், 2 வருஷம் படிப்பு, மோட்டார் வைண்டிங்ல இருந்து தியரி வரைக்கும் சொல்லிக் குடுப்பாங்க, அதுக்கப்புறம் வயர்மேன் சர்டிபிகேட்டுக்குப் போக வழி இருக்கு. இன்னொன்னு கம்பியாள் உதவியாளர் (வயர்மேன் ஹெல்பர்) தகுதிகாண் தேர்வு, இதுக்கு 21 வயசு ஆகிருக்கணும், வயரிங்ல 5 வருஷ அனுபவமும் காட்டணும், அதுல பாதி செவுத்துல காடி எடுத்து பைப் பதிக்கிறதுலயே போயிடும் (நான் அப்டித்தான் வந்தேன், கை பூரா சிமெண்ட் வெடிப்பு). கெடைக்கிறதும் உதவியாளர் சர்டிபிகேட் தான். த்ரீ பேஸ் லைன்ல நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போற கம்பி) அறுந்து விட்டுப்போச்சுன்னா ஏன் டிவி புகையுதுன்னு ஐடிஐ பையன் டக்குனு சொல்லுவான், நான் ஒரு வீட்ல டிவி போனப்புறம் தான் கத்துக்கிட்டேன். சின்ன வயசுன்னா ஐடிஐக்கே போங்க. எப்டி வந்தாலும், சொந்தமா கான்ட்ராக்ட் எடுக்கணும்னா கான்ட்ராக்டர் லைசன்ஸ் தனியா வாங்கணும்.