குன்னூரில் ஒரு கதவும் ஒரு கடைப் பலகையும்

டிசம்பரில் மூன்று வாரம் குன்னூரில் இருந்தேன். அம்மாவைப் பார்ப்பது போக, கையில் இருந்த வேலை ஒன்றுதான்: வீட்டு வாசல் கதவுக்கும் அப்பாவின் தேயிலைக் கடைக்கும் பெயிண்ட் அடிப்பது.

உண்மையில் இது இரண்டாம் தடவை. போன வருஷம் பர்மிங்காமில் உட்கார்ந்தபடியே வாட்ஸ்அப்பில் ஒரு காண்ட்ராக்டரைப் பிடித்தேன். சமவெளிக்காரர். தீபாவளிக்குள் முடியணும் என்றேன். இரண்டே நாளில் முடித்துப் படமும் அனுப்பினார். படத்தில் பிரமாதம். பங்குனிக்குள் கதவின் அடிப்பாகம் முழுக்கக் கொப்புளம், நகத்தால் நெம்பினால் அப்பளம் மாதிரி பெயர்ந்து வருகிறது என்றாள் அம்மா. அவரை மட்டும் சொல்லி என்ன? தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் பிடிக்கிற ஊரில், ஐப்பசியில் அடியுங்கள் என்றது நான்தானே.

இந்த முறை உள்ளூர்க்காரர், வயதானவர். டப்பாவைத் திறக்கவே இல்லை. கதவின் அடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "ஏம்மா, மரம் இன்னும் தண்ணி வச்சிருக்கு. நாலு நாள் வெயில் காயட்டும்." ஈர மரத்தை எனாமலால் மூடினால், வெயில் பட்டதும் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் பெயிண்டைத் தள்ளுமாம். எனக்கோ டிக்கெட் தேதி கண்ணில் ஆடியது.

நடுவில் நான் ஒரு சிக்கல் பண்ணினேன். தாத்தா காலத்துக் கதவு, எத்தனை அடுக்கு பெயிண்டோ. பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் கூடாது என்ற விதி இங்கே 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது; பழைய அடுக்குகளில் ஈயம் இருக்கலாம், அந்தத் தூசி விஷம். அதனால் தூசி பறக்காமல், தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பரில் தேய்க்கச் சொன்னேன். "காய வச்சதையே மறுபடி நனைக்கச் சொல்றீங்களே!" என்று தலையில் கை வைத்தார். ஆனாலும் அப்படியே செய்தார். இன்னும் இரண்டு நாள் போனது.

பிறகு கதவைக் கழற்றிச் சாய்த்து, தரையைப் பார்க்கிற அடி விளிம்புக்குத்தான் முதல் பிரைமர். தண்ணீர் ஏறுவதே அந்த வழியாகத்தான். போன வருஷம் அங்கே பிரஷ் படவே இல்லை, வெறும் மரம் தெரிந்தது. தினமும் பத்து மணிக்குப் பனி ஈரம் உலர்ந்த பின் தொடங்கி, மூன்று மணிக்குப் பிரஷ்ஷைக் கழுவிவிடுவார். அதற்கு மேல் அடித்தால் மூடுபனி இறங்கிப் பளபளப்பு மங்கிவிடும். நிலையில் உட்காரும் ஓரங்களைக் காலையில் முதலில் முடிப்பார். ராத்திரி கதவைச் சாத்தியாக வேண்டும், எங்கள் தெருவில் கரடி நடமாட்டம்.

கடை ஷட்டர் சுலபம்: கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டி, துருவைத் தடுக்கும் ரெட் ஆக்ஸைடு பிரைமர், மேலே இரண்டு கோட் பச்சை.

பலகைக்கு ஃப்ளெக்ஸ் போதும் என்றான் தம்பி. நான் விடவில்லை. பெயிண்டர் சாக்பீஸ் தூள் தடவிய நூலைச் சுண்டிக் கோடு போட்டார். தமிழ் 5 பங்கு, ஆங்கிலம் 3, வேறு மொழி இருந்தால் 2 என்ற அரசு அளவு அவருக்கு விரலிலேயே இருக்கிறது. 'தேயிலை'யில் வந்து நின்றார். அப்பாவின் பலகை 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியது; அந்தப் பழைய லையில் ஐகாரக் குறி யானைத் தும்பிக்கை மாதிரி எழுத்தோடு ஒட்டியிருக்கும்.

"பழைய லையா, புது லையா?"

பழசே என்றேன். ஒரே இழுப்பில் தும்பிக்கையை மேலே சுழற்றி இறக்கினார். கீழே நின்ற தம்பி மகன் கேட்டான்: "அத்தே, அந்த எழுத்து தப்பா இருக்கு, சொல்லட்டுமா?"