பத்துக் குழந்தைகளா, ஒரு பாட்டியா? மொழி மீட்பு மானியங்கள் ஓர் ஒப்பீடு

அமெரிக்கப் பூர்வகுடி மொழிக்குழு ஒன்று அரசிடம் நிதி கேட்க முடிவு செய்தால், பூர்வ அமெரிக்கர் நிர்வாகம் என்ற கூட்டாட்சி அலுவலகத்தில் அதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மொழிப் பாதுகாப்பு மானியம். மற்றொன்று எஸ்தர் மார்ட்டினெஸ் பெயரிலான மானியம். இது மழலையர் வகுப்பையோ பள்ளியையோ அந்தப் பூர்வகுடி மொழியிலேயே நடத்துவதற்கு உரியது.

எஸ்தர் மார்ட்டினெஸ் நியூ மெக்சிகோவைச் சேர்ந்தவர். தேவா (Tewa) என்ற பூர்வகுடி மொழியின் ஆசிரியர், கதைசொல்லி. 2006 செப்டம்பரில், தேசிய விருது பெற்று ஊர் திரும்பும்போது சாலை விபத்தில் இறந்தார். அந்த டிசம்பரிலேயே அவர் பெயரைத் தாங்கிய சட்டம் வந்தது.

நோக்கத்தை மட்டும் பார்த்தால் எஸ்தர் மானியத்தையே நான் மேலாகச் சொல்வேன். வீட்டில் கேட்காத மொழியை ஒரு குழந்தை நாள்தோறும் வகுப்பில் கேட்டு, அதிலேயே தண்ணீர் கேட்டு, அதிலேயே சண்டை போட்டு வளர்வதற்கு ஈடாக வேறெதுவும் இல்லை. ஆனால் நுழைவுவாசல் குறுகலானது. 2006 சட்டப்படி மழலையர் வகுப்புக்கு ஏழு வயதுக்குட்பட்ட 10 குழந்தைகளாவது வேண்டும். ஆண்டுக்கு 500 மணி நேரமாவது கற்பிக்க வேண்டும். சில நூறு பேரே வாழும் குடியிருப்பில் அத்தனை குழந்தைகளை எங்கே தேடுவது? 2019 திருத்தம் 10-ஐ 5 ஆகவும், பள்ளிகளுக்கான 15-ஐ 10 ஆகவும் குறைத்தது. சிறிய மொழிகளுக்கு இது பெரிய நிம்மதி. ஆனாலும் அத்தகைய கல்வியை நடத்திய மூன்று ஆண்டு அனுபவம் வேண்டும் என்பதால், புதிதாகத் தொடங்கும் குழுவுக்கு இது எட்டாது.

மொழிப் பாதுகாப்பு மானியத்தில் இந்தத் தலைக்கணக்கு இல்லை. ஒலிப்பதிவு, அகராதி, பாடத்திட்டம், ஆசிரியர் பயிற்சி என எதற்கும் கேட்கலாம். அந்தத் தாராளத்திலேயே ஓர் ஆபத்தும் இருக்கிறது: மானியக் காலம் முடியும்போது அலமாரியில் அகராதி இருக்கும், தெருவில் பேச்சு இருக்காது.

இரண்டுக்கும் பொதுவான ஒரு கண்ணி உண்டு. திட்டத்தின் மொத்தச் செலவில் 20 சதவீதத்தைக் குழுவே ஏற்க வேண்டும். கேட்கும் தொகையில் 20 சதவீதம் என்று புரிந்துகொண்டு வரவுசெலவுப் பட்டியல் போட்டால் கணக்கு உதைக்கும். 3,00,000 டாலர் கேட்டால் பங்கு 60,000 அல்ல, 75,000. கேட்கும் தொகையை நான்கால் வகுத்துக்கொள்வதே சுருக்கு வழி. ரொக்கமாகத்தான் தர வேண்டும் என்பதில்லை. இலவசமாகக் கிடைக்கும் அறையின் வாடகை மதிப்பையும், ஊதியம் வாங்காமல் பெரியவர்கள் செலவிடும் நேரத்தையும் கணக்கில் சேர்க்கலாம்.

எல்லைக்கு வடக்கே, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் முப்பதுக்கும் மேற்பட்ட பூர்வகுடி மொழிகள் உள்ளன. 1990-ல் உருவான முதற்குடிகள் பண்பாட்டு மன்றம் அந்த மாகாண அரசின் நிறுவனம்தான். ஆனால் நடத்துபவர்கள் முதற்குடி மக்களே. அதன் குரு-சீடர் திட்டத்துக்கு வகுப்பு தேவையில்லை, குழந்தைகளின் எண்ணிக்கையும் தேவையில்லை. மொழி தெரிந்த ஒருவர், கற்க வந்த ஒருவர், ஆண்டுக்கு 300 மணி நேரம். மீன் அரியும்போதும் துணி மடிக்கும்போதும் ஆங்கிலம் கலக்காமல் பேசுவதுதான் பாடம். இந்த முறையின் வேர் கலிபோர்னியாவில் இருக்கிறது. அதை வகுத்தவர்களில் ஒருவரான மொழியியலாளர் லியான் ஹின்டன், பெர்க்லி பல்கலைக்கழகத்தின் கலிபோர்னியப் பூர்வகுடி மொழிகள் ஆய்வகத்தோடு நெருங்கிய தொடர்புடையவர். அந்த ஆய்வகத்தை உருவாக்கியவர்களில் மொழியியலாளர் எமனோவும் உண்டு. நம் நீலகிரியில் தோடர், கோத்தர் மொழிகளைப் பதிவு செய்த அதே எமனோ.

அமெரிக்கக் குழு கனடாவில் விண்ணப்பிக்க முடியாதுதான். ஆனால் அந்த முறையை மொழிப் பாதுகாப்பு மானியத்துக்குள் கொண்டுவரத் தடையில்லை. பேசத் தெரிந்தவர்கள் மூன்றே பேர், மூவரும் எண்பதைத் தாண்டியவர்கள் என்றால், முதல் ஆண்டுப் பணத்தில் பெரும்பங்கை அவர்களோடு உட்கார்ந்து கற்கும் இளைஞர்களின் ஊதியத்துக்கே ஒதுக்கச் சொல்வேன். அகராதி அச்சுச் செலவு மூன்றாம் ஆண்டுப் பட்டியலில் வரட்டும்.