பிறையில் ஒரு படகுப் பட்டறை: கழுவுவதில் கைதேர்ந்தவர்கள், சாயத்தில் கடல் பழக்கம்

நண்பர்கள் மூவர் சேர்ந்து வாங்கிய எங்கள் 16 அடி ஃபைபர் படகு, தோமான் (விரால் இனப் பெரிய மீன்) தூண்டிலுக்காக மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள தெமெங்கோர் ஏரியில், பண்டிங் தீவுக்கு அருகில் ஒரு மிதவைத் துறையில் 9 மாதங்கள் கட்டிக் கிடந்தது. அதைக் கரையேற்றி, டிரெய்லரில் பட்டர்வொர்த்துக்கு இழுத்து வந்து, அடிப்பகுதியைச் சுத்தம் செய்து சாயம் பூசுவதற்காக அதன் அருகிலுள்ள பிறை என்ற ஊர்ப் பக்கம் உள்ள ஒரு பட்டறையில் ஒப்படைத்தோம். குறையும் சொல்ல வேண்டியிருப்பதால் பட்டறையின் பெயரை எழுதவில்லை.

முதலில் நிறையைச் சொல்லிவிடுகிறேன். பாசியை ஏரிக்கரையிலேயே, ஈரம் காயுமுன் தேய்த்துவிடும்படி தவுக்கே (பட்டறை முதலாளி) தொலைபேசியில் சொல்லியிருந்தார். நாங்கள் சோம்பலில் விட்டுவிட்டோம். கடலில் படகின் அடியில் ஒட்டி வளரும் ஓட்டுயிரான கொட்டலசு நன்னீரில் ஒட்டாது என்ற தைரியம்தான் காரணம். ஆனால் வெயிலில் காய்ந்த பாசி பசைபோல் இறுகிவிட்டது. இரும்புச் சுரண்டியை எடுத்திருந்தால் வேலை அரை நாளில் முடிந்திருக்கும், ஜெல்கோட் எனும் வெளிப்புறப் பிசின் பூச்சும் கீறிப் போயிருக்கும். அவர்களோ நீரைப் பீய்ச்சி ஊறவைத்து, பிளாஸ்டிக் சுரண்டியால் பொறுமையாக வழித்தார்கள். காட்டு இலைகள் ஊறிய நீரினால் நீர்மட்டக் கோட்டில் படிந்திருந்த தேநீர் நிறக் கறையை, ஆக்சாலிக் அமிலக் கலவையைத் தடவி, சற்று நேரம் விட்டு, நிறைய நீர் ஊற்றிக் கழுவியே போக்கினார்கள், தேய்க்கவே வேண்டியிருக்கவில்லை.

அங்கு வேலை செய்யும் பெரியவர் ஒருவர், தேங்காயைத் தட்டிப் பார்ப்பதுபோல் அடிப்பகுதி முழுவதையும் சிறு சுத்தியலின் பிடியால் தட்டிக் கேட்டு, ஓசை மந்தமான 23 இடங்களில் பென்சிலால் வட்டமிட்டார். ஒன்றைக் கீறியபோது வழிந்த நீரில் காடி வாடை அடித்தது. "உப்புத் தண்ணியைவிட நல்ல தண்ணிலதான் படகு சீக்கிரம் கொப்புளம் போடும், தம்பி" என்றார். அவர் சொன்னது சரிதான். ஜெல்கோட் வழியே மெல்ல ஊடுருவும் நீர், உள்ளே பிசினில் கரையக்கூடிய பொருள்களுடன் சேர்ந்து அடர்ந்த கரைசலாகிறது; வெளிநீரில் உப்பு எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவுக்கு அக்கரைசல் மேலும் நீரை உள்ளிழுத்து வீங்குகிறது. வெறுமனே சாயம் கேட்டு வந்த எங்களுக்கு இதைக் காட்டிக் கொடுத்ததற்காகவே அந்தப் பட்டறையை மதிக்கிறேன்.

கருத்து வேறுபாடு அதன் பிறகுதான் வந்தது. தவுக்கே வழக்கம்போல் செப்புச் சத்துள்ள சிவப்புச் சாயத்தை எடுத்து வைத்தார். கடலில் நிற்கும் மீன்பிடிப் படகுகளுக்கு அது தேவை. கொட்டலசைத் தடுப்பதே அதன் வேலை. எங்கள் படகுக்கு வேண்டியது நஞ்சல்ல, எப்பாக்சி என்ற கெட்டிப் பிசினாலான, நீர் புகாத தடுப்புப் பூச்சு. (அலுமினியப் படகு வைத்திருப்போர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், செப்புச் சாயம் அந்த உலோகத்தையே அரிக்கும்.) அரை மணி நேர விவாதத்துக்குப் பின் இசைந்தார். ஆகவே அங்கு செல்பவர்கள் எந்தச் சாயம், எத்தனை பூச்சு என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

அவசரம் அவர்களுடைய இரண்டாவது குறை. கொப்புளங்களைத் திறந்து, நன்னீரில் கழுவிய நான்காம் நாளே பட்டி வைத்து மூடப் பார்த்தார்கள். ஒளி புகும் பிளாஸ்டிக் தாள் ஒன்றை அந்த இடத்தில் நான்கு புறமும் டேப் ஒட்டி வெயிலில் விட்டோம். மாலையில் தாளின் உட்புறம் வியர்த்திருந்தது. அதைப் பார்த்ததும் தவுக்கே மறுபேச்சின்றி மேலும் மூன்று வாரம் காயவிட்டார். பட்டியில் குறை சொல்ல ஏதுமில்லை: கார்களுக்கு வைக்கும் பாலியெஸ்டர் பட்டி நீரை உறிஞ்சும் என்பதால், அவர்களாகவே எப்பாக்சிப் பட்டியைத்தான் பயன்படுத்தினார்கள்.

பினாங்கின் ஈரக்காற்றில் எப்பாக்சி பூசுவதற்குப் பொழுது பார்க்க வேண்டும். ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டினால் பூசக்கூடாது என்பது பொதுவான விதி. காலைப் பனி படிந்த மேற்பரப்பில் பூசினால் பிடிக்காது. அவர்கள் பத்து மணிக்கு மேல் தொடங்கி, மழை கறுத்தால் நிறுத்தினார்கள். உப்புத்தாள் போட்ட தூசியைக் கரைப்பானால் துடைத்துவிட்டு, சாம்பல், வெள்ளை என்று நிறத்தை மாற்றி மாற்றி ஐந்து பூச்சு பூசியதால், விடுபட்ட இடம் உடனே கண்ணில் பட்டது. ஒருநாள் காலையில் மட்டும் பூச்சின்மீது எண்ணெய்போன்ற பிசுபிசுப்பு இருந்தது. அதை நீரால் கழுவாமலே உப்புத்தாள் போடத் தொடங்கிய இளைஞரைப் பெரியவர் தடுத்திராவிட்டால் அடுத்த பூச்சு உரிந்திருக்கும்.

மொத்தக் கட்டணம் 2,300 ரிங்கிட். காயவிட்ட நாட்களுக்கு இடவாடகை கேட்கவில்லை. ஐந்து மாதம் கழித்துப் படகைத் தூக்கிப் பார்த்தோம்: புதிய கொப்புளம் ஒன்றும் இல்லை, பாசி துணிக்கே வழிந்து வந்தது. டிரெய்லரின் தாங்கு பலகைகள் பட்ட இரண்டு பட்டைகளில் மட்டும் பழைய ஜெல்கோட் அப்படியே தெரிந்தது. படகை நகர்த்தி வைத்து அங்கும் பூச மறந்திருக்கிறார்கள். சொன்னதும் தவுக்கே தயங்காமல் கொண்டுவரச் சொன்னார், ஆனால் டிரெய்லரை இழுத்து வரும் செலவு எங்களுடையது.