சட்டைப் பைக்கு ஈ-ரீடர்: தமிழ் படிக்க எக்ஸ்டீங்க்கா, பால்மாவா?

சட்டைப் பையில் போட்டுக்கொள்ளும் அளவுக்குச் சின்ன ஈ-ரீடர் (மின்னூல் படிக்கும் கருவி) தேடுகிறவர்கள் பெரும்பாலும் மூன்று கருவிகளில் வந்து நிற்கிறார்கள். ஒன்று, 4.3 அங்குலத் திரையுள்ள எக்ஸ்டீங்க் எக்ஸ்4. அடுத்தது, 6.13 அங்குலத் திரையோடு போன் மாதிரி நீளவாக்கில் இருக்கும் பூக்ஸ் பால்மா. மூன்றாவது, எல்லோருக்கும் தெரிந்த 6 அங்குல அடிப்படைக் கிண்டில். நான் வாங்கியது பால்மா. வீட்டில் கிண்டில் ஏற்கெனவே இருந்தது. எக்ஸ்4 நண்பருடையது, சில வாரங்கள் கடன் வாங்கிப் படித்தேன். அதனால் பால்மாவைப் பற்றி அதிகம் சொல்வேன், மற்ற இரண்டையும் பழகிய அளவுக்குச் சொல்கிறேன்.

எடையும் விலையும் சீக்கிரம் முடிகிற விஷயம். எக்ஸ்4 வெறும் 74 கிராம், தடிமன் 5.9 மி.மீ., பின்பக்கக் காந்தத்தால் போனின் முதுகிலேயே ஒட்டிக்கொள்ளும், விலை 69 டாலர். அடிப்படைக் கிண்டில் 158 கிராம், 2024-ல் வந்தபோது 110 டாலர். பால்மா 170 கிராம், 2023-ல் வந்தபோது 280 டாலர். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்கவரி தனி. விலைதான் முக்கியம் என்றால் எக்ஸ்4-ஐ எதுவும் நெருங்க முடியாது.

ஆனால் தமிழ் படிக்கிறவருக்கு இதையெல்லாம் விட முக்கியமானது ஒன்று உண்டு. அது திரையின் அகலம். அங்குலக் கணக்கு திரையை மூலைக்கு மூலை அளப்பது, அதை வைத்து எதுவும் தெரியாது. ஒரு வரி எவ்வளவு நீளம் ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். எக்ஸ்4-ல் அது சுமார் 5.5 செ.மீ., பால்மாவில் 7 செ.மீ., கிண்டிலில் 9 செ.மீ.க்குச் சற்று அதிகம்.

ஆங்கிலம் மட்டும் படிக்கிறவருக்கு 5.5 செ.மீ. போதும். சொற்கள் குட்டையானவை, ஒரு வரியில் ஐந்தாறு உட்காரும். நம் மொழியில் வேற்றுமை உருபும் துணைவினையும் ஒரே சொல்லோடு ஒட்டிக்கொண்டே போகும். கதைகளில் சர்வசாதாரணமாக வரும் ‘கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் பதினாறு எழுத்து. என் கண்ணுக்கு வசதியான எழுத்தளவில் எக்ஸ்4-ன் ஒரு வரியில் பதினைந்து எழுத்து போலத்தான் நிற்கிறது. அதாவது இந்த ஒரு சொல்லே ஒரு வரிக்குள் அடங்காது. பால்மாவில் இருபது வரை வரும், கிண்டிலில் இருபத்தைந்து.

இதன் விளைவு படிக்கும்போதுதான் தெரியும். பெரும்பாலான மின்னூல்கள் இரண்டு ஓரமும் நேராக நிற்கும்படி அமைக்கப்பட்டவை. அடுத்த சொல் நீளமாக இருந்து கீழ்வரிக்கு இறங்கிவிட்டால், மேல்வரியில் மிச்சமுள்ள இரண்டு சொற்களை மென்பொருள் இழுத்துப் பிடித்து நடுவில் பெரிய ஓட்டை விட்டுவிடும். சின்னத் திரையில் பக்கத்துக்குப் பத்து இடத்தில் இப்படி ஓட்டை விழுந்தால் கண் ஒவ்வொரு வரியிலும் தடுக்கும். எழுத்தைச் சிறிதாக்கினால் ஓட்டை குறையும், ஆனால் ஆடுகிற பேருந்தில் ‘ள’வும் ‘ன’வும் குழம்பும். வாக்கியம் மனசில் ஓடாமல் சொல் சொல்லாக உதிர்வது மாதிரி இருக்கும். உரையாடல் நிறைந்த கதைகளை எக்ஸ்4-ல் எப்படியோ படித்துவிடலாம். நீண்ட வாக்கியங்களில் எழுதுகிறவர்களின் உரைநடையை என்னால் முடியவில்லை.

எக்ஸ்4-ல் இன்னொரு தொல்லையும் உண்டு. ‘கொ’ என்ற எழுத்தைத் திரையில் காட்ட வேண்டுமானால், ககரத்துக்கு முன்னால் ஒற்றைக் கொம்பும் பின்னால் காலும் வர வேண்டும். கோப்பில் அவை அந்த வரிசையில் கிடையாது. முதலில் ககரம், அதற்கப்புறம் ஒகரக் குறி. இதை மாற்றி அடுக்கும் வேலையை மென்பொருள்தான் செய்ய வேண்டும். போன்களும் கிண்டிலும் செய்கின்றன. எக்ஸ்4-ல் இருப்பது சிறு மின்கருவிகளுக்கான ஈ.எஸ்.பி.32 வகைச் சிப், அதற்கு இதெல்லாம் பெரிய வேலை. அதில் ஒழுங்கான தமிழ் பார்க்க நான் நம்பிய வழி, புத்தகத்தைக் கணினியில் பக்கம் பக்கமாகப் படமாக்கி, அந்தக் கருவிக்கான எக்ஸ்.டி.சி. கோப்பாக மெமரி கார்டில் ஏற்றுவது. எழுத்து அழகாகவே வந்தது. ஆனால் பக்கம் படமாகிவிட்டால் கருவியில் எழுத்தளவை மாற்ற முடியாது. கொஞ்சம் பெரிதாக வேண்டுமென்றால் திரும்பக் கணினிக்குப் போய் முழுப் புத்தகத்தையும் மறுபடி செய்ய வேண்டும். இதில் ஆர்வம் உள்ளவர்களுக்கு, கருவியோடு வரும் மென்பொருளுக்குப் பதிலாக ஏற்றிக்கொள்ளக் கிராஸ்பாயின்ட் என்ற திறமூல மென்பொருளும் இருக்கிறது. அந்த மாதிரி நோண்டிப் பார்ப்பது பிடிக்கும் என்றால் எக்ஸ்4 உங்களுக்கு நிறைய மகிழ்ச்சி தரும். எனக்குத் தேவைப்பட்டது, எடுத்தவுடன் படிக்கிற கருவி.

பால்மா ஆண்ட்ராய்டில் ஓடுகிறது. அதனால் தமிழ் எழுத்து பிரச்சினையே இல்லை, போனில் எப்படி வருமோ அப்படியே வரும். நான் அதில் கே.ஓ.ரீடர் என்ற இலவசச் செயலியில் படிக்கிறேன். முதலில் செய்ய வேண்டியது, இரு ஓரமும் சமன் செய்வதை நிறுத்திவிட்டு இடது ஓரத்தை மட்டும் நேராக வைப்பது. அடுத்து, ஓர வெற்றிடத்தைக் கிட்டத்தட்டப் பூஜ்யமாக்குவது. கருவியின் சட்டமே ஓரமாக இருக்கும், காகிதத்தில் போல வேறு ஓரம் தேவையில்லை. அப்புறம் வரி இடைவெளியைச் சற்றுக் கூட்டுவது, ஏனென்றால் நம் எழுத்துக்கு மேலே புள்ளியும் கீழே உகரக் கொக்கியும் உண்டு. இவ்வளவும் செய்தபின் 7 செ.மீ. அகலத்தில் வரிக்கு மூன்று சொற்கள் சராசரியாக வரும். அகலத்தில் இழந்ததை நீளத்தில் ஈடுகட்டுகிறது, திரை உயரம் 14 செ.மீ.யை ஒட்டி வருவதால் பக்கம் திருப்பும் வேலை கிண்டிலை விட அதிகமில்லை.

ஒற்றைக் கையில் பிடிப்பதில்தான் பால்மா கிண்டிலை வெல்கிறது. கிண்டிலின் அகலம் 108 மி.மீ., பால்மா 80 மி.மீ. தாம்பரம் மின்ரயிலில் ஒரு கை மேலே கம்பியைப் பிடித்திருக்கும்போது, இன்னொரு கையின் கட்டைவிரலால் வால்யூம் பட்டனை அமுக்கிப் பக்கம் திருப்பலாம். கிண்டிலைச் சட்டைப் பையில் வைத்தால் மேலே நீட்டிக்கொண்டு நிற்கும், குனிந்தால் விழும். பால்மாவும் கிட்டத்தட்ட அதே உயரம்தான், ஆனால் குறுகலாக இருப்பதால் பேன்ட் பையிலும் போகிறது. திரை விளக்கு எக்ஸ்4-ல் கிடையாது, மற்ற இரண்டிலும் உண்டு. சாயங்காலத்துக்கு மேல் பயணம் செய்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

புத்தகங்கள் எங்கிருந்து வருகின்றன என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற மின்னூல் தொகுப்பில் சங்க இலக்கியம் முதல் இருபதாம் நூற்றாண்டு எழுத்து வரை இலவசம். ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில், திரைக்கு ஏற்ப வரிகள் மாறி அமையும் ஈபப் கோப்பும் 6 அங்குலத் திரைக்கான பி.டி.எஃப்.பும் கிடைக்கும். பால்மாவில் ஈபப்பையே எடுங்கள், அந்த பி.டி.எஃப். கிண்டில் அகலத்துக்குச் செய்தது, இதில் திறந்தால் எழுத்து கால்பங்கு சுருங்கிவிடும்.

காசு கொடுத்து வாங்கும் தமிழ் மின்னூல்கள் பெரும்பாலும் கிண்டில் கடையில்தான். அங்கே 2016 இறுதியிலிருந்து தமிழ் இருக்கிறது. வாங்கியதைக் கணினிக்கு இறக்கி யு.எஸ்.பி. வழியாக மாற்றும் வசதியை அமேசான் 2025 பிப்ரவரி 26 முதல் நிறுத்திவிட்டது. ஆகவே அந்தப் புத்தகங்களைப் பெரும்பாலும் கிண்டில் கருவியிலோ கிண்டில் செயலியிலோதான் படிக்க முடியும். பால்மாவில் செயலி ஓடும். எக்ஸ்4-க்கு அந்த வழி இல்லை. சமகாலத் தமிழ் எழுத்தாளர்களை வாங்கிப் படிக்கிறவருக்கு இது பெரிய குறை.

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் பழைய நூல் ஸ்கேன்களுக்கு மூன்றுமே சரிப்படாது. கே.ஓ.ரீடரில் பக்கப் படத்தைச் சொல் சொல்லாக வெட்டித் திரைக்கு ஏற்ப அடுக்கும் வசதி உண்டு, ஆனால் மங்கிய பழைய அச்சில் சுமாராகத்தான் வருகிறது. அதற்குப் பத்து அங்குல டேப்லெட்தான் வழி.

பால்மாவின் குறைகள்: வாரத்துக்கு ஒருமுறையாவது சார்ஜ் போட வேண்டும், கிண்டில் பல வாரம் தாங்கும். முதல் பால்மாவில் ஆண்ட்ராய்டு 11, அது பழையது; 2024-ல் வந்த பால்மா 2-ல் ஆண்ட்ராய்டு 13, திரை அளவு அதேதான். வங்கிச் செயலி, மின்னஞ்சல் எதையும் நான் அதில் ஏற்றவில்லை, ஏற்றவும் வேண்டாம். பேட்டரியின் ஆயுள் பற்றி நான் சொல்வது புதுக் கருவியை வைத்து. இரண்டு மூன்று வருடம் பழகியவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எப்படியும் தோள்பையோடுதான் வெளியே போகிறவர் என்றால், பாதிக்கும் குறைந்த விலையில் கிண்டில் வாங்கி அகலமான வரியில் நிம்மதியாகப் படிக்கலாம்.

காசு போடுவதற்கு முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்துவிடலாம். சாதாரண ஆண்ட்ராய்டு போன் திரையின் அகலம் ஏறக்குறைய பால்மா திரையின் அகலம்தான். அதில் கே.ஓ.ரீடரை ஏற்றி, உங்களுக்குப் பிடித்த ஒரு தமிழ் நாவலைத் திறந்து, கண்ணாடி இல்லாமலும் படிக்க வருகிற அளவுக்கு எழுத்தை வையுங்கள். ஒரு அத்தியாயம் படியுங்கள். பிறகு இரு பக்க ஓரத்தையும் கூட்டி, வரியின் நீளம் 5.5 செ.மீ. வருகிறதா என்று ஸ்கேல் வைத்துப் பார்த்து, அடுத்த அத்தியாயத்தைப் படியுங்கள். இரண்டாவது அத்தியாயம் தடையில்லாமல் ஓடினால் 69 டாலரோடு முடித்துக்கொள்ளலாம்.