வேலிக்கு எந்தக் கள்ளி: சப்பாத்தியா, சதுரமா?

வறண்ட நிலத்து வேலிக்கு இரண்டும் ஏற்றவை. ஒரு துண்டை வெட்டி, காயத்தை உலரவிட்டு ஊன்றினால் வேர் பிடித்துவிடும். ஆனால் இரண்டும் ஒரே குடும்பத்துச் செடிகள் அல்ல.

சப்பாத்திக்கள்ளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. நாம் இலை என்று நினைக்கும் பச்சைத் தட்டு உண்மையில் அதன் தண்டு, இலைகள்தாம் முள்ளாகிவிட்டன. தண்டில் உள்ள, காற்று வாங்கும் நுண்துளைகளை இரவில் மட்டும் திறப்பதால் பகல் வெயிலில் நீர் வீணாவதில்லை. மஞ்சள் பூவும் செந்நிறப் பழமும் அழகு. பழத்தை உண்ணலாம், ஆனால் பெரிய முள்ளைவிட மோசம் அதன் மேலுள்ள நுண்முட்கள். தோலில் ஏறினால் கண்ணுக்கே தெரியாது. பொசுக்கித் தேய்த்த பிறகே தொட வேண்டும். கட்டுமீறிப் பரவும் குணமும் உண்டு. தென்னிந்தியாவில் வயல்களையே விழுங்கிய இதை அடக்கியது, 1926-ல் இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்ட, இக்கள்ளியின் சாற்றை உறிஞ்சி வாழும் கொச்சினீல் பூச்சி.

சதுரக்கள்ளி நம் மண்ணின் செடி. இது ஆமணக்குக் குடும்பம். முட்கள் இரண்டிரண்டாக, குட்டையாக இருக்கும். பூவும் கண்ணில் படாத அளவு சிறியது. இதன் காவல் வெண்பாலில் இருக்கிறது. அதனால்தான் ஆடு வாய் வைப்பதில்லை. அந்தப் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

குழந்தைகள் ஓடியாடும் வீட்டருகே இரண்டுமே வேண்டாம் என்பேன். ஊருக்கு வெளியே உள்ள கொல்லைக்குச் சதுரக்கள்ளியே என் தேர்வு. வெட்டும்போது கண்ணாடியும் கையுறையும் அணியுங்கள்.